ஊர் அண்டாவில் ஆட்டுப்பால்

"நாங்கள் தீவில் இருக்கிறோம்" என்று சொன்னால் ராஜபாளையத்தில் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கடலைப் பார்க்கத் திருச்செந்தூருக்கு பஸ் ஏற வேண்டிய சீமையில் இருந்துகொண்டு இவளுக்குத் தீவு கேட்கிறதா என்பார்கள். சிரிக்கட்டும். ஐப்பசியில் வந்து பார்த்தால் தெரியும். பிளவக்கல் அணைப் பக்கம், மலையடிவாரத்தில், ஒரு ஓடை இரண்டாகப் பிரிந்து கீழே போய் மறுபடி சேர்ந்துகொள்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எங்கள் ஊர். முப்பது வீடுகூடத் தேறாது. வெயில் காலத்தில் செருப்பைக் கழற்றாமலே ஓடையைத் தாண்டி வரலாம். மலையில் மழை பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு போகும். அதை நாங்கள் 'அடைப்பு' என்போம். அடைப்பு விழுந்தால் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. பாலம் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களும் வெயில் காலத்தில்தான் வருகிறார்கள்.

இந்த ஊரின் வரவு செலவைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வெளியே போவது பால், தேங்காய், மாங்காய், புளி. உள்ளே வருவது அரிசி, சீனி, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கேஸ் சிலிண்டர். ஓடையைத் தாண்டுகிற எந்தப் பொருளும் தாண்டும்போதே கொஞ்சம் விலை ஏறிவிடும், ஏனென்றால் ஒரு ஆளின் தலையில் ஏறித்தான் அது வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்காரம்மாகூட போனைக் காட்டச் சொல்லிப் பணம் வாங்கும் காலத்தில், எங்களுக்குப் போன் பேச வேண்டுமென்றால் ஊருக்கு வடக்கே இருக்கிற வழுக்குப் பாறையில் ஏற வேண்டும். மூலையில் யாரோ நீல மையால் பூ வரைந்த இருபது ரூபாய் நோட்டு ஒன்று ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் ஊருக்குள்ளேயே சுற்றியது. நான் அதை மோர் விற்று வாங்கினேன். தேங்காய் பறித்தவருக்குக் கொடுத்தேன். அவர் கடையில் பீடிக்குக் கொடுத்தார். கடைக்காரி அதையே என்னிடம் தயிருக்குக் கொடுத்தாள். "வந்துட்டியா" என்று கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, ராத்திரி முழுக்க இருமுவார். நானும் பள்ளிக்கூடம் முடித்துக் கல்யாணம் ஆகும்வரை பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கொட்டகையில் தறிச் சத்தத்துக்குள் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கேயிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். எனக்கு என்னவோ முதல் நாளே பிடித்துவிட்டது. என் மாடு, என் தொழுவம், எனக்கு அதிகாரம் பண்ண ஆலைச் சங்கு ஊதுகிற ஆள் இல்லை.

பிடிக்காதது ஒன்று உண்டு. அது அடைப்புக் கோவா.

அடைப்பு நாட்களில் பால் வெளியே போக முடியாது. ஆனால் மாடு அடைப்பைப் பார்த்தா மடி சுரக்கிறது? அதனால் பல தலைமுறையாக ஊரில் ஒரு வழக்கம். அம்மன் கோயில் கொட்டகையில் ஒரு பெரிய அண்டாவை ஏற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பால் கொண்டுவந்து அதில் ஊற்ற வேண்டும். யாரும் அளக்கக் கூடாது. குடம் நிறைய ஊற்றுகிறவளும் ஊற்றலாம், ஒரு கரண்டி ஊற்றுகிறவளும் ஊற்றலாம். கடைசி வீட்டுப் பால் விழுந்த பிறகுதான் அடுப்புக்குத் தீ வைப்பார்கள். சீனி மூட்டையைப் புரட்டாசியிலேயே பொதுவில் வாங்கிப் போட்டுவிடுவோம். பெண்கள் முறை வைத்துக் கிண்டுவோம். தண்ணீர் வடிந்ததும் அந்தக் கோவாவை வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டிப் பக்கம் டீக்கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, வந்ததை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்துக்கொள்வோம். குடத்துக்கும் ஒரே பங்கு, கரண்டிக்கும் ஒரே பங்கு.

ஊற்றக் கூடாத வீடு என்று ஒன்று இருந்தால், அது ஊர் தள்ளி வைத்த வீடாகத்தான் இருக்கும். அதனால் எங்கள் ஊரில் சண்டை முற்றினால் பெண்கள் மண்ணை வாரித் தூற்ற மாட்டார்கள். "உன் பாலு ஊரண்டாவுல விழாமப் போக" என்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

புதுப்பெண்ணாக வந்த வருடம் அந்தக் கோவாவை வாயில் போட்டதும் எனக்குக் குமட்டியது. என்னமோ வாடை. மாமியார் பார்க்கிறார்களே என்று தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். பிறகு வருடா வருடம் தின்று பழகிவிட்டது. கொஞ்ச காலத்தில் அந்த வாடை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். வாடை அப்படியேதான் இருந்திருக்கிறது, என் நாக்குத்தான் தீவுக்காரியாகிவிட்டது.

சிக்கல் மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. தினமும் காலையில் ஓடையின் அக்கரையில் வந்து நின்று பால் வாங்கிக்கொண்டு போகும் வேன் நின்றுபோனது. "உங்க ஊர்ப் பாலுக்காக இம்புட்டுத் தூரம் டீசல் போட்டு வந்தா எனக்கு என்னம்மா மிஞ்சும்?" என்றார் வேன்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எங்களுக்கு அடைப்பு விழாமலே அடைப்பு விழுந்துவிட்டது. பால் போகாத ஊருக்குள் எது வரும்? புண்ணாக்கு வாங்கக் காசில்லாமல் இரண்டு வீட்டில் ஆளுக்கொரு மாட்டை விற்றார்கள்.

என் வீட்டுக்காரர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர்தான் முதலில் மூட்டையைக் கட்டினார்.

"தை பொறந்ததும் ராஜபாளையம் போயிருவோம். மில்லுல ஆளு எடுக்கானாம். உங்க அப்பா வீட்டுப் பக்கத்துலயே வாடகைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கேயிருந்து தப்பித்து வந்தேனோ அங்கேயே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார் இந்த மனிதர். இருமுகிற அப்பாவைப் பார்த்தவள் நான், அவர் பார்க்கவில்லை.

"தை வரைக்கும் டைம் இருக்குல்ல? அதுக்குள்ள நான் இந்தப் பாலுக்கு ஒரு வழி பண்ணுதேன். பண்ணலைன்னா மாட்டை வித்துட்டு உங்க பின்னாடியே வாரேன். பண்ணிட்டா இந்தப் பேச்சை நீங்க எடுக்கக் கூடாது" என்றேன்.

"நீ புடிச்ச மொசலுக்கு எப்பவும் மூணு காலுதான" என்று சிரித்தார். ஆனால் சரி என்று சொன்னார். அவர் சரி என்றால் சரிதான், அதில் குறை சொல்ல முடியாது.

வழி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பால் கெடாமல் நிற்காது, கோவா நிற்கும். அடைப்பு நாளில் மட்டும் ஏற்றுகிற அண்டாவைத் தினமும் ஏற்றினால் என்ன? வாரத்துக்கு ஒருமுறை தலைச்சுமையாக ஓடையைத் தாண்டி, பஸ்ஸில் போட்டு, பால்கோவாவுக்கே பேர்போன ஊரில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? டீக்கடைக்குக் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறதை, உண்மையான விலைக்குக் கொடுக்கலாமே. ஊரில் சொன்னேன். "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறா" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று, அந்த ஐப்பசி அடைப்பில் கிண்டிய கோவாவில் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய அன்றே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

கடைத்தெருவில் ஏறி இறங்கி, இரண்டு கடையில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சீனிப் பொடி ஒட்டியிருந்தது. அவரே அடுப்படியிலிருந்து வந்த ஆள் என்று தெரிந்தது. "அண்ணாச்சி, எங்க ஊர்ல கிண்டினது. செத்த வாயில போட்டுப் பாருங்க" என்று தூக்கைத் திறந்து நீட்டினேன்.

ஒரு துளி எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். முகர்ந்தார். வாயில் போட்டுச் சப்பினார்.

"பக்குவம் நல்லா இருக்கு. புளிய விறகா?"

"ஆமா அண்ணாச்சி."

இன்னொரு துளி எடுத்தார். "உங்க ஊர்ல ஆடு கெடக்கோ?"

"கெடக்கே" என்றேன் பெருமையாக.

"ஆட்டுப்பாலு விழுந்திருக்கு தாயி."

"ஆமா அண்ணாச்சி. எல்லா வீட்டுப் பாலும் விழணும்லா?" என்றேன். அது ஒரு குறை என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி பண்ணுகிறேனோ என்று நினைத்திருப்பார்.

"எங்கிட்ட வாங்குறவுக மதுரைக்கும் மெட்ராசுக்கும் கொண்டு போறவுக. பெட்டியத் தெறந்ததும் இந்த வாடை அடிச்சா உன்னையவா வந்து கேப்பாக? என்னையத்தான கேப்பாக" என்றார். பிறகு நான் நின்ற நிலையைப் பார்த்துக் குரலை இறக்கினார். "பசும்பாலு மட்டும்னா கொண்டா. இதே பக்குவம் இருந்தா வாராவாரம் எடுத்துக்கிடுதேன். சும்மா சொல்லல."

திரும்பி வருகிற பஸ்ஸில் தூக்கைத் திறந்து முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் தூக்கை மூடினேன். வத்திராயிருப்பு வரும்வரை ஒரே யோசனை. மாடும் ஆடும் சேர்த்து வைத்திருக்கிற வீடுகள் மாட்டுப்பாலை மட்டும் ஊற்றிவிடுவார்கள். அதில் சிரமமே இல்லை. ஆனால் ஆடு மட்டும் வைத்திருக்கிற வீடு ஒன்று இருந்தது.

அது தெருவின் கடைசியில் இருக்கிற கோடி வீடு. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மனைவி, எனக்கு அத்தை முறை. சித்தப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. பிள்ளை கிடையாது. மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமக்க முழங்கால் ஒத்துழைக்காததால் நாலைந்து ஆடுகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறாள். வாய் மட்டும் ஒரு ஊருக்குக் காணும். அடைப்புக் கோவாவில் வருகிற சமபங்குதான் அவளுக்கு மழைக்காலத்து அரிசி. அந்த அத்தையைத்தான் ஊற்றாதே என்று சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது அவருக்கு. "சின்னாத்தாகிட்ட இதை என்னால சொல்ல ஏலாது. நீயும் சொல்லாத. விட்டுரு, ராஜபாளையத்துக்கே போயிரலாம்" என்றார்.

விடுகிறவளாக இருந்தால் வாசலோடு அனுப்பிய முதல் கடையிலேயே விட்டிருப்பேன். மறுநாள் காலையிலேயே கோடி வீட்டுக்குப் போனேன். அத்தை ஆடுகளுக்கு வேப்பங்குழையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "என் பாலு நாறுதுங்கியாட்டி?"

"நாறலத்தே. பட்டணத்து மூக்குக்கு..."

"உன் மூக்கும் பட்டணத்து மூக்குத்தானட்டி. வந்த புதுசுல நீ தண்ணியக் குடிச்சு முழுங்கினத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "உங்க பங்கு அப்படியே வரும்த்தே. ஒரு பைசா குறையாது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஊத்தாம வாங்குத பங்குக்கு என்ன பேருன்னு தெரியுமா ஒனக்கு? ஆண்டாள் கோயில் வாசல்ல துண்ட விரிச்சு உக்காந்திருக்காகல்ல, அவுகளக் கேளு, சொல்லுவாக."

"அப்ப என் மாட்டுப் பாலுல ஒரு செம்பு தாரேன். அதை நீங்க ஊத்துங்க."

"உன் புள்ளைய என் இடுப்புல வச்சுட்டா நான் பெத்தவளாயிருவேனாட்டி? போ. என் பாலு விழக்கூடாதுன்னா ஊரக் கூட்டிச் சொல்லு. கோடி வீட்டுக்காரியத் தள்ளி வச்சாச்சுன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கிடட்டும்."

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. குழாயடியில் என் குடத்துக்கு அடுத்து வைத்திருந்த குடத்தைத் தூக்கி நாலு குடம் தள்ளி வைத்தாள். எனக்குக் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகம் வந்தது.

ஊர் கூடியது. அம்மன் கோயில் கொட்டகையில் எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள், அத்தை வரவில்லை. நான் கடைக்காரர் சொன்னதைச் சொன்னதும் ஒரு ஆள், "ஒத்தக் கெழவிக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா? ஊத்தக் கூடாதுன்னு சொல்லிர வேண்டியதுதான" என்றார். என் யோசனைக்குத்தான் அவர் ஆதரவாகப் பேசினார். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அத்தை ஊத்தாம அண்டா ஏறக் கூடாது. ஆட்டுப்பாலு விழுந்தா கோவா வெலை போகாது. ரெண்டும் எனக்குத் தெரியும். ரெண்டையும் விடமாட்டேன்" என்றேன்.

"அதெப்படித்தா ரெண்டும் நடக்கும்?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர். அடைப்பு நாட்களில் அண்டாவுக்குத் தீ வைப்பதும் பங்கு பிரிப்பதும் அவர்தான்.

"எப்படின்னு தெரியல மாமா. விடமாட்டேன்னு மட்டும் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த அடைப்பில் மாடு வைத்திருக்கிற வீடுகள் மாட்டுப்பாலை மட்டும் கொண்டுவருவது, கோடி வீட்டுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது, அம்மன் விட்ட வழி என்று பெரியவர் முடித்துவைத்தார். அதாவது ஒன்றும் முடிவாகவில்லை.

கார்த்திகையில் அடைப்பு விழுந்தது. மலையே இறங்கி வருகிற மாதிரி சத்தம். அந்த வருடம் அதுதான் கடைசி மழை என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியென்றால் எனக்கு அதுதான் கடைசி அண்டா. தை பிறக்க அதிக நாள் இல்லை. இந்தத் தடவை நல்ல கோவாவைக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால், மாட்டை விற்றுவிட்டுத் தறிச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காலையில் அண்டாவை ஏற்றினோம். ஒவ்வொருத்தியாக வந்து ஊற்றினார்கள். பால் கழுத்துவரை வந்துவிட்டது. நல்ல வெள்ளை, நுரை கட்டிக்கொண்டு நின்றது. அத்தை வரவில்லை. பெரியவர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெயிட் பண்ணுவோம்" என்றார். யாரும் அத்தை வீட்டுப் பக்கம் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அத்தை வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். கையில் செம்பு. அதன் வாயை முந்தானையால் மூடியிருந்தாள்.

நான் அண்டாவுக்குப் பக்கத்தில், அவள் வருகிற வழியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு செம்பு போதும், ஊர்ப் பால் முழுக்கக் கெட்டுப்போகும். நான் நகராமல் நின்றால் அவள் என்னைத் தள்ளிவிட்டு ஊற்றப் போவதில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிறகு ஒரு நாளும் இந்தக் கொட்டகைக்கு வர மாட்டாள். எனக்கு இந்த ஊரில் இருக்க எவ்வளவு ஆசையோ அவ்வளவு பயம் அப்போது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைத் தடுத்துத்தான் இங்கே இருக்க வேண்டுமென்றால், அதற்கு ராஜபாளையமே தேவலை என்று தோன்றியது. போனால் போகட்டும், அடுத்த வருடம் வேறு வழி பார்க்கலாம், மில்லிலிருந்தே பார்க்கலாம். நான் வழியை விட்டு விலகினேன்.

அத்தை என்னைத் தாண்டிப் போய் முந்தானையை விலக்கினாள். செம்பை இரண்டு கையாலும் தூக்கி அண்டாவுக்கு மேலே கவிழ்த்தாள்.

ஒன்றும் விழவில்லை.

செம்பு காய்ந்து கிடந்தது. அவள் அவசரப்படவில்லை. பால் இருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கடைசிச் சொட்டையும் விடுகிற மாதிரி இரண்டு உதறு உதறினாள். பிறகு நிமிர்த்திக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஊத்திட்டேன்" என்றாள்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார், ஒப்புக்கு இல்லை. "விழுந்திருச்சு. எல்லா வீட்டுப் பாலும் விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தீ வைத்தார்.

அத்தை கிண்டுகிற துடுப்பை என் கையிலிருந்து பிடுங்கினாள். "தள்ளு. உனக்கு அடி புடிக்காமக் கிண்டத் தெரியாது." இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஆட்டுப்பாலை என்னத்தே பண்ணினீக என்று நான் மெதுவாகக் கேட்டேன். "குட்டிகளுக்கு விட்டுட்டேன். அதுகளும் இந்த ஊர்தான" என்றாள். அவள் வீம்புக்காகச் செய்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நல்ல வீம்பு, எனக்கு உதவிய வீம்பு என்று சந்தோஷப்பட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். இந்தத் தடவை வீட்டுக்காரரும் கூட வந்தார். கடைக்காரப் பெரியவர் தேய்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டார். "அடுத்த வாரம் எப்ப வாரீக?" என்று கேட்டார். அவ்வளவுதான். பாராட்டெல்லாம் அவருக்கு வராது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது வீட்டுக்காரர், "அண்டாவுக்கு அடுப்பு சின்னதாக் கெடக்கு. இடிச்சுப் பெருசாக் கட்டணும்" என்றார். ராஜபாளையம் போவது பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, நானும் குத்திக் காட்டவில்லை. கொஞ்சம் காட்டினேன்.

அந்தத் தடவை பங்கு பிரித்தபோது, கோடி வீட்டு முறை வந்ததும் பெரியவர் ஒரு கணம் தயங்கினார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? ஊத்தினேனா இல்லையா?" என்று கேட்டாள் அத்தை. "ஊத்தினெ தாயி" என்று அவர் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து அடைப்புக்குக் காத்திராமல் தினமும் அண்டா ஏறுகிறது. வாராவாரம் கோவா ஓடையைத் தாண்டுகிறது, தீவனம் திரும்பி வருகிறது. விற்ற மாட்டுக்குப் பதிலாக ஒரு வீட்டில் கன்றுக்குட்டி வாங்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் அத்தை வெறும் செம்போடு வந்து கவிழ்த்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எங்கள் ஊரில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிவதில்லை. ஊரிலேயே அதிகம் ஊற்றுகிறவள் நான். குடம் நிறையக் கொண்டுபோய், கைவலிக்க ஊற்றிவிட்டு வருவேன். அளக்கக் கூடாது என்பது வழக்கம்தான். ஆனாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தானே செய்யும் என்று ஒரு நினைப்பு எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

இந்த வருடம் என் மாடுகள் இரண்டும் சினையாகி ஒரே சமயத்தில் வற்றிவிட்டன. கன்று போடும்வரை ஒரு சொட்டுப் பால் கிடையாது. "ஒரு செம்பு வெலைக்கு வாங்கி ஊத்திருவோமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். கேட்டவுடனே, இடுப்பில் வைத்த பிள்ளை என்று அத்தை சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். ஒன்றிரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று போகாமல் இருந்து பார்த்தேன். எனக்காக அண்டா தீ இல்லாமல் காத்துக் கிடந்தது என்று வந்து சொன்னார்கள்.

மறுநாள் செம்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து கொட்டகைக்கு நாலு எட்டுத்தான். முந்தானையால் செம்பின் வாயை மூடிக்கொண்டேன், அத்தை அன்றைக்கு மூடியதைப் போலவே. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை என்று. அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றால் கை மேலே எழவில்லை. இத்தனை வருடம் குடம் குடமாக ஊற்றிய கை. வெட்கமா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் வலியோடு இதைத் தினமும் செய்கிறவளை வீம்புக்காரி என்று நினைத்திருந்தேனே என்று இருந்தது.

அண்டாவுக்கு அந்தப் பக்கம் துடுப்போடு உட்கார்ந்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறத்தால ஆளு நிக்குல்ல? ஊத்திட்டு நகருட்டி" என்றாள்.

நான் செம்பைக் கவிழ்த்தேன்.